முறைக்காரரின் துவாலை: பாதம் கழுவுதலின் வரலாற்றில் தாழ்மையும் ஊழியமும்

கடைசி இராவுணவைப் பற்றி எழுதும்போது மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அப்பத்தையும் கிண்ணத்தையும் சொல்கிறார்கள். யோவான் மட்டும் தண்ணீரையும் துவாலையையும் சொல்கிறார். பந்தியிலிருந்து எழுந்த இயேசு மேலாடையைக் கழற்றி வைத்து, துவாலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார் என்பது 13ஆம் அதிகாரச் செய்தி. முடித்த பின் அவர் சொன்னவற்றில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 14ஆம் வசனம் ஒருவர் காலை ஒருவர் கழுவுங்கள் என்ற பொருளில் அமைந்தது. 15ஆம் வசனம், தாம் செய்ததை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்கிறது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பின்வந்த நூற்றாண்டுகளில் முதல் வாக்கியத்தைப் பற்றியவர்கள் ஒரு வழியில் போனார்கள், இரண்டாவதைப் பற்றியவர்கள் வேறு வழியில் போனார்கள். முதல் வழியில் கழுவும் வேலை ஆள் மாறிச் சுற்றியது. இரண்டாம் வழியில் பெரியவர் குனிந்தார், நிமிர்ந்தார், பெரியவராகவே இருந்தார். தாழ்மை அன்றாடப் பழக்கமாக எங்கே நிலைத்தது, எங்கே வெறும் காட்சியாக முடிந்தது என்பதைத் தீர்மானித்தது உள்ளத்தின் உருக்கத்தைவிட இந்த ஏற்பாட்டு வேறுபாடே என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பாலஸ்தீனத்தின் புழுதித் தெருக்களில் செருப்பணிந்து நடந்தவர்களுக்குக் கால் கழுவுவது அன்றாடத் தேவை. ஆபிரகாம் தம் கூடாரத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், கழுவிக்கொண்டது வந்தவர்களே. லூக்காவின் 7ஆம் அதிகாரத்தில் பரிசேயனாகிய சீமோன் அந்தத் தண்ணீரைக்கூடக் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. கையால் தொட்டுக் கழுவுவது அடிமையின் வேலை. அபிகாயில் தாவீதின் ஆட்களிடம், அவருடைய பணியாளர்களின் கால்களைக்கூடக் கழுவத் தயார் என்று சொன்னபோது, தாழ்வின் கடைசிப் படியில் தன்னை வைத்துப் பேசினாள். தம் காலைக் கழுவ வந்த இயேசுவைப் பேதுரு பதறித் தடுத்ததற்கு இந்தப் பின்னணி போதும். ஆனால் திருச்சபை உருவாகிவந்த நாள்களிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. விதவைகளின் பட்டியலில் ஒருத்தியைச் சேர்க்க அறுபது வயதும், இறைமக்களின் கால்களைக் கழுவியிருப்பதும் வேண்டும் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம். ஆண்டவர் கையில் எடுத்த வேலை, அதற்குள் மீண்டும் பெண்களின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

4ஆம் நூற்றாண்டில் கால் கழுவுதல் திருமுழுக்கோடு ஒட்டிக்கொண்டது. மிலான் நகரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களின் கால்களைக் கழுவும் வழக்கம் இருந்தது. ரோமில் இல்லாவிட்டால் என்ன, எங்களுக்கு உண்டு என்று ஆயர் அம்புரோஸ் அதை விட்டுக்கொடுக்காமல் பேசினார். ஸ்பெயினின் எல்விரா சங்கமோ அதைத் தடுத்தது. அந்தச் சர்ச்சை இங்கே நமக்கு வேண்டியதில்லை. நம் கதை சமையற்கட்டில்தான் தொடங்குகிறது.

5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யோவான் காசியான், கிழக்கத்தியத் துறவியர் மடங்களில் தாம் கண்டவற்றை மேற்கத்தியருக்காக எழுதி வைத்தார். அங்கே சகோதரர்கள் வாரமுறை வைத்துச் சமைத்தார்கள், பரிமாறினார்கள். வாரம் முடிந்த அன்று முறைக்காரர் எல்லாருடைய கால்களையும் கழுவினார். மறுநாள் பாத்திரங்களை எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைத்தார். எகிப்தில் இந்த வழக்கம் இல்லை, தகுந்த ஒருவரிடமே சமையலை விட்டுவிடுவார்கள் என்பதையும் காசியான் மறைக்கவில்லை. அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருமுறை தரையில் மூன்று பயறுகள் கிடந்ததை உக்கிராணக்காரர் பார்த்துவிட்டார். முறைக்காரர் அவசரத்தில் களைந்தபோது தண்ணீரோடு சிந்தியவை. செய்தி மடத் தலைவரிடம் போனது. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கும்வரை அந்தச் சகோதரர் பொதுச் செபத்தில் சேர முடியவில்லை. மூன்று பயறுக்கு இவ்வளவா என்று இன்று சிரிப்பு வரும். நம் ஊரில் சிந்திய பருக்கையை ஊசியால் எடுத்த வள்ளுவர் வீட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது.

காசியானைப் படித்தவர் பெனடிக்ட். தமிழ்க் கத்தோலிக்கருக்கு அவர் ஆசீர்வாதப்பர். 6ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 73 அதிகாரத் துறவற ஒழுங்கில், தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வகுத்த 7ஆம் அதிகாரம்தான் பேர்பெற்றது. என் கணக்கில் அதைவிடக் கனமானது சமையற்கட்டைப் பற்றிய 35ஆம் அதிகாரம். நோயோ முக்கியமான மடத்து அலுவலோ இல்லாத எவருக்கும் சமையல் முறையிலிருந்து விலக்கு இல்லை. உடல் வலுவில்லாதவருக்குத் துணையாள் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி முன்னால் முறைக்காரர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் உண்டு. பசியோடு பரிமாறினால் முணுமுணுப்பு வரும் என்பது பெனடிக்டுக்குத் தெரியும். சனிக்கிழமை வெளியேறுகிறவர் துப்புரவு செய்து, சகோதரர்கள் கையும் காலும் துடைத்த துவாலைகளைத் துவைக்க வேண்டும். பிறகு வெளியேறுகிறவரும் பொறுப்பேற்கிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்கள் உடையாமல் சுத்தமாக உக்கிராணக்காரரிடம் திரும்பி, அவர் கையிலிருந்து அடுத்தவருக்குப் போகும். விருந்தினர் வந்தால் அவர்கள் கால்களை மடத் தலைவரும் மற்ற எல்லாரும் கழுவ வேண்டும் என்பது 53ஆம் அதிகாரம். ஏழைகளையும் யாத்திரிகர்களையும் கூடுதலாகக் கவனிக்கச் சொல்லி அதற்குக் காரணமும் தருகிறது: பணக்காரருக்கு வேண்டிய மரியாதையை அவர்மேல் உள்ள பயமே வாங்கித் தந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் தாழ்மை ஒரு மனநிலையாகக் கேட்கப்படவில்லை. அது ஒரு முறையாக வருகிறது. நம் ஊர்களில் குளத்துப் பாசனத்துக்கு முறை உண்டு, கோயில் பூசைக்கு முறை உண்டு. முறை வந்தால் செய்தாக வேண்டும், மனம் கனிந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் கழுவுகிறவர் அடுத்த வாரம் காலை நீட்டுவார். தன் தாழ்மையைத் தானே மெச்சிக்கொள்ள அதில் இடம் குறைவு.

முறை உடைந்தது செல்வத்தால். பிரான்சின் குளூனி மடத்தில் நாள்தோறும் மூன்று ஏழைகளின் கால்களைக் கழுவினார்கள். வழக்கம் நின்றுவிடவில்லை, ஆனால் நேர்த்தியான சடங்காக மாறிவிட்டது. 12ஆம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் மடங்களில் நிலத்து உழைப்பின் பெரும்பகுதி தனிவகைச் சகோதரர்களிடம் போனது. அவர்கள் கோயிலில் தனியாக நின்றார்கள், தனியாக உண்டார்கள், பாடகத் துறவிகளாக உயர வழியில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு வகுப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற வாழ்வைப் பற்றிய ஆணையில், இத்தகைய சகோதரர்களைக் குழும வாழ்வோடு நெருக்கமாக இணைக்கச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தப் பிளவு எவ்வளவு காலம் நீடித்தது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி மடத்துக்கு வெளியே செழித்தது. 694இல் தொலேதோவில் கூடிய சங்கம், பெரிய வியாழனன்று கால் கழுவாத ஆயருக்கும் குருவுக்கும் தண்டனை விதித்தது. கட்டளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லான மந்தாத்தும் என்பதே சடங்குக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் அந்த வியாழனுக்கு மாண்டி என்ற பெயரையும் தந்தது. இங்கிலாந்தின் ஜான் மன்னர் 1213இல் ரோச்செஸ்டரில் பதின்மூன்று ஏழைகளுக்கு ஆளுக்குப் பதின்மூன்று பென்னி கொடுத்தார். முதலாம் எலிசபெத்துக்கு 39 வயதானபோது 39 ஏழைப் பெண்கள் வரிசையாக உட்கார்த்தப்பட்டார்கள். முதலில் அரண்மனைச் சலவைப் பணியாளர்கள் மூலிகை மணக்கும் வெந்நீரில் அவர்கள் கால்களைக் கழுவினார்கள். அடுத்துத் துணை தானாதிகாரி, அதன்பின் தானாதிகாரி. நான்காவதாகத்தான் அரசி. மூன்று முறை கழுவிய காலை நான்காம் முறை கழுவியதில் என்ன அழுக்குப் போயிருக்கும்! 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜேம்ஸோடு அரச கைகள் கழுவுவதை நிறுத்தின. இன்று ஆட்சியாளரின் வயதுக்கு ஏற்ற எண்ணிக்கையில் முதியவர்கள் வெள்ளிக் காசு பெறுகிறார்கள். தானாதிகாரிகள் மட்டும் இன்றும் இடுப்பில் துவாலை கட்டி வருகிறார்கள்.

14ஆம் வசனத்தைச் சடங்குக்காரர்களிடமிருந்து மீட்டெடுத்தவர்கள் 16ஆம் நூற்றாண்டின் மறுமுழுக்குச் சபையினர். லூதரும் கால்வினும் ஒதுக்கியதை அவர்கள் வேதக் கட்டளையாகக் கொண்டார்கள். 1632இல் டோர்ட்ரெக்ட் நகரில் ஒப்புக்கொள்ளப்பட்ட பதினெட்டு விசுவாசப் பிரிவுகளில் 11ஆவது பாதம் கழுவுதல். 1693இல் யாக்கோபு அம்மான் பிரிந்து ஆமிஷ் மரபைத் தொடங்கியபோது எழுந்த பிணக்குகளில் இதுவும் ஒன்று. 1708இல் ஜெர்மனியின் ஷ்வார்செனாவில் எட்டுப் பேர் ஆற்றில் முழுக்குப் பெற்றுத் தொடங்கிய சகோதரர் சபையில், அன்பின் விருந்து என்ற மாலைக் கூடுகையின் முதற்பகுதியே கால் கழுவுவதுதான். அதன்பின் எல்லாருமாக ஒரு மேசையில் சாப்பாடு, பிறகு திருவிருந்து.

அமெரிக்காவில் குடியேறிய இந்தச் சபையார் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கேள்வியில் பல ஆண்டுகள் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் பலருடைய கால்களைக் கழுவிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னால் துடைத்துக்கொண்டே வருவது பழைய வழக்கம். இது இரட்டை முறை. ஒருவர் தமக்கு அடுத்திருப்பவரின் காலைக் கழுவித் துடைத்து, அவர் எழுந்து துவாலையைக் கட்டிக்கொண்டு தமக்கு அடுத்தவருக்குச் செய்வது ஒற்றை முறை. கழுவியவரும் துடைத்தவரும் இயேசுவே அல்லவா என்றார்கள் ஒற்றை முறைக்காரர்கள். முன்னோர் வழக்கத்தை மாற்ற நீங்கள் யார் என்றார்கள் மற்றவர்கள். 1881இல் பிரிந்துபோன பழைய ஒழுங்கினர் இரட்டை முறையைத் தம்மோடு கொண்டுபோனார்கள். பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. தாழ்மையைக் கடைப்பிடிப்பது எப்படி என்று சண்டையிட்டுப் பிரிந்தவர்களைப் பார்த்து ஏளனம் செய்வது எளிது. நான் அப்படிச் சண்டையிட்டவர்கள் பக்கம் நிற்கிறேன். ஒற்றை முறையில் துவாலை வட்டத்தைச் சுற்றி எல்லார் இடுப்பிலும் ஏறி இறங்குகிறது. இரட்டை முறையில் சிலர் கழுவுகிறார்கள், பலர் கழுவப்படுகிறார்கள். அந்த வேறுபாடு சண்டையிடத் தக்கதே.

தமிழகத்துக்கு வரும்போது முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. கத்தோலிக்கர் தாழ்ச்சி என்பதைச் சீர்திருத்தச் சபையார் தாழ்மை என்பார்கள், அது பெரிதில்லை. ஊழியம் என்ற சொல்தான் கூர்மையானது. இன்று அது போதகரின் திருப்பணி. ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய உழைப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குத் திருவிதாங்கூரின் கிறிஸ்தவர்கள் கேட்டுப் பெற்ற சலுகைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விடுதலை. ஊழியத்திலிருந்து தப்பி வந்து கேட்டால், ஊழியம் செய்யுங்கள் என்கிறது பிரசங்கம். தலைமுறை தலைமுறையாகக் குனிந்தவருக்குக் குனியக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை; அவருக்கு எதிரே இருப்பவர் குனிய வேண்டும். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கென்று எழுப்பிய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

பெரியபுராணத்தின் கலிக்கம்ப நாயனார் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடியார்களின் கால்களை அவர் கழுவ, மனைவி கரகத்திலிருந்து நீர் வார்ப்பாள். தங்கள் வீட்டில் முன்பு ஏவல் செய்தவன் அடியாராக வந்து நின்றபோது அவள் கை தயங்கியது. நாயனார் அந்தக் கையை வெட்டினார். வேறு சமயம், வேறு இறையியல். ஆனால் நீர் வார்க்கும் கை எங்கே தயங்கும் என்பதைச் சேக்கிழார் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்.

1921இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இந்தத் தயக்கத்துக்கு வேறு மருந்து தேடியது. நிறுவியவர்கள் இருவரும் மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்து, எளிய உணவு உண்டு, சுற்றுவட்டாரத்து நோயாளிகளைக் கவனித்தார்கள். வெள்ளைக்காரர் துரையாகவும் தமிழர் உதவியாளராகவும் இருந்த மிஷன் உலகில் ஏசுதாசனை எல்லாரும் பெரியண்ணன் என்றார்கள், பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள். சடங்கு எதுவும் இல்லாமல், கூப்பிடும் பெயரிலேயே திசை மாறிவிட்டது.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் 1955இன் சீர்திருத்தம் பாதம் கழுவுதலைப் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தது. பங்குகளில் மக்கள் முன் நடக்கும் இன்றைய வடிவம் அதன் விளைவு. அதில் ஆண்களுக்கே இடமிருந்தது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமின் கசால் தெல் மார்மோ சிறார் சிறையில் பன்னிருவரின் கால்களைக் கழுவியபோது அவர்களில் இரண்டு பெண்களும் இரண்டு முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016 ஜனவரியில் வெளிவந்த ஆணை, இறைமக்கள் அனைவரிலிருந்தும் ஆள்களைத் தேர்ந்துகொள்ள அனுமதித்தது. யாருடைய கால் என்ற கேள்விக்கு அந்த ஆணை விடை சொல்கிறது. சடங்கு முடிந்து எல்லாரும் போன பின் ஈரத் துவாலைகள் யார் கைக்குப் போகும் என்பது அதன் விஷயம் அல்ல. பெனடிக்டின் 35ஆம் அதிகாரத்தில் அதற்கும் ஆள் குறித்திருக்கிறது: வாரத்தை முடித்து வெளியேறுகிற முறைக்காரர், சனிக்கிழமை.