கதவைத் தட்டியவர்கள்

காய்ச்சலுக்கு யோசனை சொல்லத் தெரியாத ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பல்வலிக்கும் சொத்து வழக்குக்கும்கூட, "எனக்குத் தெரியாது, தெரிந்தவரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் என்று வந்துவிட்டால் பால்காரர் முதல் எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் வரையில் எல்லாரும் வைத்தியர்களாகி விடுகிறார்கள். ஒருவர் மிளகுக் கஷாயம் என்பார். ஒருவர் பட்டினி கிட என்பார். இன்னொருவர் பட்டினி கிடந்தால் போச்சு, இட்டிலியாவது சாப்பிடு என்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு ஊரெங்கும் இருமல் கிளம்புகிறபோது சுகாதார இலாகாவும் இந்தக் கச்சேரியில் வந்து சேர்ந்துகொள்கிறது. கூட்டத்தில் புகாதே, இருமும்போது வாயை மூடிக்கொள், கையைக் கழுவு, படுத்து ஓய்வெடு, மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தெருவுக்குத் தெரு முகாம் போட்டு, வருகிறவர்களைப் பரிசோதிக்கிறார்கள்.

எல்லாம் நல்ல யோசனைகள். பரிகாசம் செய்ய நான் வரவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி 1918-ஆம் வருஷத்திலேயே தெரிந்திருந்தது. கூட்டத்தைத் தவிர்க்கும்படியும், காற்றோட்டமான இடத்தில் படுக்கும்படியும், காய்ச்சல் கண்டதும் வேலைக்குப் போகாமல் படுக்கையில் கிடக்கும்படியும் அன்றும் ஜனங்களுக்குச் சொன்னார்கள். சொல்லியும், இந்தியாவில் அந்த ஒரு காய்ச்சலில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 1921-ல் ஜனத்தொகை எடுத்தபோது, பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிடத் தேசத்தின் ஜனத்தொகை சற்றுக் குறைந்திருந்தது. இந்தியாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஆரம்பித்த நாளாக அப்படிக் குறைந்தது அந்த ஒரு தடவைதான். யோசனை இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?

கதை பம்பாயில் தொடங்குகிறது. 1918 மே மாதக் கடைசியில் துறைமுகத்துக்குத் துருப்புக் கப்பல் ஒன்று வந்தது. முதல் உலக யுத்தம் முடியாத சமயம். கப்பல்கள் வந்த வண்ணமாகவே இருந்தன. ஜூன் 10-ஆம் தேதி ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு போலீஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். துறைமுகத்தில் காவல் இருந்த ஒருவரும் அவர்களில் உண்டு. மலேரியாவோ என்று பார்த்தார்கள், இல்லை. பிறகு கப்பல் கூலிகள், தபால் ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஆலைத் தொழிலாளிகள் என்று வரிசையாகப் படுக்க ஆரம்பித்தார்கள். நகர சுகாதார அதிகாரி டர்னர், கப்பலில் வந்தவர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்றார். சர்க்காரோ, கப்பலில் வந்தவர்களுக்கே பம்பாயில்தான் நோய் ஒட்டியது என்றது. நோயை யார் யாருக்குக் கொடுத்தது என்ற இந்த விவகாரம் காகிதத்தில் நடந்துகொண்டிருந்தபோது, நோய் ரயிலேறி உள்நாட்டுக்குப் போய்விட்டது.

அந்த முதல் அலை கோடையோடு தணிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தபோது அது வேறு முகத்தோடு வந்தது. கிழவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு, இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த திடகாத்திரமானவர்களைத் தேடிப் பிடித்தது. காலையில் வேலைக்குப் போனவன் நாலைந்து நாளில் நுரையீரலில் நீர் கட்டி இறந்தான். அக்டோபர் 6-ஆம் தேதி பம்பாய் நகரத்தில் மாத்திரம் 768 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். படுத்தவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள்தானே? அவர்கள் படுத்தபோது கஞ்சி வைக்க ஆள் இருக்கவில்லை.

மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றும் கிடையாது. நோய்க்குக் காரணமான வைரஸ் கிருமியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933-ல்தான். அதற்கு முன்னே பாக்டீரியா ஒன்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்தியர்களில் பலர் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். ஆகவே யோசனை ஒன்றே மருந்து. அந்த மருந்து யாருக்கு எட்டியது என்று பாருங்கள்.

பம்பாயில் 'சால்' என்ற தொழிலாளர் குடியிருப்புகள் உண்டு. நீண்ட வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. அங்கே குடியிருந்த ஆலைத் தொழிலாளியிடம், காற்றோட்டமான அறையில் தனியாகப் படு என்றால் எந்த அறையில் படுப்பான்? வேலைக்குப் போகாதே என்றால், அன்றைக்குக் கூலி? அந்த வருஷம் பருவமழை பொய்த்துவிட்டது. தானிய விலை ஏறிப் போயிருந்தது. பாலும் பழமும் சாப்பிடச் சொல்லுவது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கணக்கும் அதையே சொல்லுகிறது. பம்பாய் நகரத்தில் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் இறந்தார்கள். பார்ஸிகளில் 9 பேர். முஸ்லிம்களிலும், மேல் அடுக்கு ஹிந்துக்களிலும் சுமார் 19 பேர். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 61 பேர். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே சுவரொட்டி.

சென்னை ராஜதானி இந்த விஷயத்தில் ஓரளவு தப்பிற்று. இங்கே இறந்தவர்களின் விகிதம் பம்பாய் மாகாணத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறார்கள். ஆறுதல்தான், ஆனாலும் லட்சக் கணக்கில் என்பதை மறக்கக் கூடாது.

சர்க்கார் ஏன் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் வேண்டுமானால் இருபது வருஷம் பின்னால் போகவேண்டும். ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தார்கள். அதன் பலனையும் அனுபவித்திருந்தார்கள்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் தோன்றியது. அடுத்த வருஷம் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. சந்தேகப்பட்டவரைப் பிடித்துப் பரிசோதிக்கவும், பிரித்து வைக்கவும், வீட்டை இடிக்கவும் அதிகாரம் கிடைத்தது. ரயில் நிலையங்களில் பிரயாணிகளை நிறுத்தி, பெண்கள் உள்பட, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பூனாவில் (இப்போது புனே என்கிறோம்) ராண்டு என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். பூஜை அறை, சமையல் அறை எதுவும் மிச்சமில்லை. ஜனங்கள் நோயாளிகளைப் பரணில் ஒளித்தார்கள். பிணத்தை வீட்டுக்குள்ளேயே புதைத்தவர்களும் உண்டு. 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்திலிருந்து திரும்பிய ராண்டைச் சபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். மறு வருஷம் மார்ச்சில் பம்பாயில், ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணைப் பரிசோதிக்கப் போய்க் கலகமே மூண்டது.

சுட்டது சரியா என்று இங்கே விசாரிக்கப் போவதில்லை. பரிசோதனை தேவை என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. பிளேக் பொல்லாத நோய்; நோயாளியைக் கண்டுபிடிக்காமல் அதைத் தடுப்பது எப்படி? ஆனால் அதே பூனாவில், அதே சமயம், நோயாளியைத் தேடிப் போன இன்னொருவரும் இருந்தார். சாவித்திரிபாய் பூலே. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதற்காகக் கல்லடி பட்டவர். அப்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. டாக்டரான வளர்ப்பு மகனின் வைத்தியசாலைக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தோளில் சுமந்து வந்தார் என்று சொல்லுவார்கள். தமக்கும் நோய் ஒட்டி, 1897 மார்ச் 10-ஆம் தேதி இறந்தார். அவரைக் கண்டு யாரும் நோயாளியைப் பரணில் ஒளித்ததாக நான் படித்ததில்லை.

ராண்டுக்கு நேர்ந்தது சர்க்காருக்கு மறக்கவில்லை. 1918-ல் யாருடைய கதவையும் பலவந்தமாகத் திறக்க அது துணியவில்லை. சிநேகமாகத் தட்டிப் பார்க்கலாம் என்பதும் அதற்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அனுப்ப ஆள் இல்லை. தட்டியவர்கள் வேறு பேர். பம்பாயில் என். எம். ஜோஷி 1911-ல் தொடங்கிய சமூக சேவைச் சங்கம் போன்றவை குடியிருப்புகளுக்குள் மருந்தும் பாலும் கொண்டு போயின. ஜாதிச் சங்கங்களும் சமூகங்களும் தற்காலிக ஆஸ்பத்திரிகள் வைத்தன. சூரத்துப் பக்கத்தில் கல்யாண்ஜி மேத்தா, குன்வர்ஜி மேத்தா என்ற சகோதரர்களும் தயாள்ஜி தேசாயும், தங்கள் ஆசிரமங்களில் படித்த மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். யாரும் எட்டிப் பாராத பழங்குடிக் குடிசைகளுக்கும் அந்தப் பையன்கள் போனார்கள். கொண்டு போன மருந்து நோயைக் குணப்படுத்தியிராது. அந்தக் காலத்து எந்த மருந்தும் குணப்படுத்தவில்லை. ஒரு வாய்க் கஞ்சியும், தண்ணீரும், பக்கத்தில் ஒரு மனிதனும் இருந்தால் பிழைக்கக் கூடியவர்கள் இருந்தார்களே, அவர்களில் சிலர் பிழைத்திருப்பார்கள். படித்தவர்களும் வசதி உள்ளவர்களும் ஏழைகளுக்கு உதவ இப்படித் திரளாக வந்ததை முன்பு கண்டதில்லை என்று சர்க்கார் சுகாதார அதிகாரியே எழுதி வைத்தார்.

பத்து வருஷம் கழித்து, 1928-ல், அதே சூரத் ஜில்லாவில் பர்தோலி சத்தியாக்கிரகம் நடந்தபோது ஊர் ஊராக ஜனங்களைத் திரட்டியவர்களில் மேத்தா சகோதரர்களும் உண்டு. அந்தக் கதவுகளுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு சுகாதாரத் தொண்டர் வந்தாள். சின்னப் பெண், கையில் நோட்டுப் புத்தகம், தோளில் பை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த கிழவியிடம், "பாட்டி, வீட்டிலே யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கும் இல்லே, கண்ணு" என்றாள் கிழவி. உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். முருங்கை மரத்தைப் பற்றிப் பேசினாள். பத்து நிமிஷம் கழித்துக் கிழவியே, "பேரனுக்குத்தான் ரெண்டு நாளா சூடு அடிக்குது. எங்கேயாவது கொண்டுபோய் வச்சுடுவீங்களோன்னு பயந்தேன்" என்றாள். பையனைப் பார்த்து, ஜுரமானி வைத்து, நோட்டில் குறித்துக்கொண்டு அவள் போனாள். மறுநாளும் வந்தாள்.

துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ சோதித்து ஃப்ளூவைத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னைக்கே அந்த அனுபவம் உண்டு. 1957 மே நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் பிரயாணிகள் பலருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. இந்தியாவுக்குள் ஆசிய ஃப்ளூ நுழைந்த வாசல் சென்னைதான். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயன்ஸா ஆராய்ச்சி நிலையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. நோய் நிற்கவில்லை, மறு வருஷத் தொடக்கத்துக்குள் தேசத்தில் 44 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்ததாகச் சர்க்கார் கணக்கு. காரணம் எளிது. இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்து காய்ச்சல் காட்ட ஒன்று முதல் நாலு நாள் ஆகிறது. காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே அது மற்றவருக்கு ஒட்டத் தொடங்கிவிடுகிறது. சிரித்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்குகிறவரை எந்த டாக்டர் நிறுத்துவார்? அந்தத் தடவை இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் சுமார் 1,100 பேர்தான். கிருமியும் 1918-ன் கிருமியைப் போல் கொடியதல்ல. சளி நுரையீரலுக்கு இறங்கினால் கொடுக்க ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் வந்துவிட்டன.

பிறகு 2009. பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வாங்கிய புது ஃப்ளூ. ஆகஸ்டில் இந்தியாவின் முதல் சாவு, வேறு எங்கும் இல்லை, அதே புனேயில். இறந்தது ஒரு பள்ளி மாணவி. மறுநாளிலிருந்து நாயுடு ஆஸ்பத்திரியின் முன்னால் ஆயிரக் கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். வாயில் கைக்குட்டை, கையில் குழந்தை. யாருடைய பாட்டனார் பரிசோதனைக்குப் பயந்து பரணில் ஒளிந்தாரோ, அவருடைய பேரப்பிள்ளைகள் எங்களைப் பரிசோதியுங்கள் என்று மணிக் கணக்கில் மழையில் காத்திருந்தார்கள். நோய் இல்லாதவர்களும் அந்த வரிசையில் நின்று நோய் வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடும்.

நகரத்தின் பல இடங்களில் பரிசோதனை நிலையங்கள் திறந்து கூட்டத்தைப் பிரித்தார்கள். சர்க்கார் புது விதி ஒன்றும் வெளியிட்டது; காய்ச்சல்காரர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் விதி. மூச்சுத் திணறல், மார்வலி, மயக்கம் உள்ளவர்கள் மூன்றாம் வகுப்பு. அவர்களைப் பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை வியாதியோ இருதய நோயோ உள்ளவர்கள், கடுமையான காய்ச்சல் அடிப்பவர்கள் இரண்டாம் வகுப்பு. பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து கொடுக்கலாம். லேசான காய்ச்சலும் இருமலும் உள்ள மற்றவர்கள் எல்லாரும் முதல் வகுப்பு. அவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம், ஃப்ளூ மருந்தும் வேண்டாம். ஓரிரண்டு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல விதி. இன்றைக்கும் மழைக்காலத்தில் டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் அனுசரிக்கிறார்கள். முதல் வகுப்புக்காரருக்கு அது சொல்லுவது: வேலைக்குப் போகாமல், வீட்டில் மற்றவர்களோடு நெருங்காமல், படுத்திருங்கள். அன்றைய கூலியைப் பற்றியும், ஒரே அறை உள்ள வீட்டைப் பற்றியும் அந்த விதியில் ஒரு வரியும் இல்லை.