முடிச்சிட்டவர் பெயர்

கொடைக்கானல் செல்வதற்காக வடக்கிலிருந்து ரயிலில் வருவோர் திண்டுக்கல்லைக் கடந்ததும் மேற்கே எழும் பழனிமலைத் தொடரைப் பார்த்தபடியே கொடைரோடு நிலையத்தில் இறங்கிவிடுகின்றனர். அதற்கு முந்தைய சிறு நிலையமான அம்பாத்துரையைப் பலர் கவனிப்பதில்லை. அதன் அருகில், கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலையும் எல்லை கட்டிய நிலத்தில் இருக்கிறது சின்னாளப்பட்டி. 'சின்னாளப்பட்டு' என்று ஊரின் பெயரே துணியின் பெயராகிவிட்ட நெசவூர் அது. கன்னடம் பேசும் தேவாங்கரும் சௌராஷ்டிர மொழி பேசுவோரும் தமிழரோடு கலந்து வாழும் ஊர். மதுரையில் வேர்கொண்ட சுங்குடிச் சேலை இன்று இவ்வூரின் பெயராலும் விற்பனையாகிறது.

ஒரு சுங்குடிச் சேலை யாருடைய படைப்பு? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை எளிதன்று.

வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து, புள்ளிகள் அமைய வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வர். குறித்த இடத்தில் துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவர். ஒரு சேலையில் இத்தகைய முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் அமையும். பிறகு துணி சாயத்தில் தோயும். முடிச்சுக்குள் சாயம் புகாது. முடிச்சை அவிழ்த்தால் நிறத்தின் நடுவே வெண்புள்ளி மலர்ந்திருக்கும். நிறம் ஒன்றுக்கு மேற்பட்டதாயின் வெளிர்நிறத்தில் முதலில் தோய்த்து, மேலும் முடிச்சிட்டு, அடர்நிறத்தில் மீண்டும் தோய்க்க வேண்டும். நெய்தவர் ஒருவர், முடிச்சிட்டவர் வேறொருவர், தோய்த்தவர் இன்னொருவர். நெசவும் சாயமும் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவும், முடிச்சு வீட்டுப் பெண்களின் வேலையாகவும் இருந்துவந்தன. பல கைகள் கூடிச் செய்த இப்படைப்பில் தனியொருவரின் கையொப்பம் இல்லை.

இக்கூட்டுழைப்பு மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய 'ஹர்ஷ சரித'த்தில் இளவரசி ராஜ்யஸ்ரீயின் திருமண ஏற்பாடுகளை விவரிக்கும் பகுதி ஒன்றுண்டு. கோலங்கள் அமைப்பதில் தேர்ந்த நகரத்து முதுபெண்டிர் துணிகளில் முடிச்சிடுகின்றனர். அந்தப்புரத்து மூதாட்டிகளிடம் மரியாதை பெற்ற வண்ணார் அவற்றுக்குச் சாயமேற்றுகின்றனர். பணியாளர் துணியின் இரு முனைகளையும் பிடித்து அசைத்து நிழலில் உலர்த்துகின்றனர். மூன்று வகைக் கைகளையும் ஒரே காட்சியில் வைத்த பாணரின் கண் வியப்புக்குரியது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: முடிச்சிடும் பெண்கள் அங்கே வெறும் உதவியாளர் அல்லர், கலையில் தேர்ந்தவர்கள்.

நெசவாளர் ஒன்றுகூடிப் பொதுக்காரியம் செய்ததற்கும் சான்று இருக்கிறது. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மந்தசோருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று கி.பி. 437 வாக்கில் அங்கே சூரியன் கோயில் எழுப்பியது. 473 வாக்கில் அதைப் புதுப்பித்தது. அதைக் கூறும் கல்வெட்டைப் பாடியவர் வத்ஸபட்டி. தம் பட்டின் பெருமையையும் அதில் பொறிக்க அவர்கள் மறக்கவில்லை. மதுரைச் சௌராஷ்டிரரின் முன்னோர் இவர்களே என்று கருதுவோர் உண்டு. நேரடிச் சான்று இல்லாமையால் அதை ஊகமாகவே கொள்ளவேண்டும். விஜயநகர நாட்டின் வழியாக வந்து நாயக்கர் காலத்தில் அவர்கள் மதுரையில் நிலைகொண்டனர் என்பது மரபு.

தமிழ் மரபும் துணியை அறியும். ஆனால் துணி செய்த எல்லோரையும் ஒன்றுபோல் நினைவில் வைக்கவில்லை. சிலப்பதிகாரத்து மதுரையில் அறுவை வீதி உண்டு. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இடம்பெறுகிறார். நூற்கும் பெண்களும் சங்கப் பாடல்களில் வருகின்றனர், ஆனால் 'பருத்திப் பெண்டிர்' என்ற பொதுப்பெயரோடு. நூற்ற பனுவலும் எழுதிய பனுவலும் ஒரே சொல்லாக இருக்கும் மொழியில், முதல் பனுவலைச் செய்தவளுக்குப் பெயரில்லை. வணிகர் பெயர் பெற்றார். நெசவாளர் குழு கல்வெட்டு பெற்றது. நூற்றவளும் முடிச்சிட்டவளும் உவமைகளில் தங்கினர்.

இது வெறும் இலக்கியக் குறை அன்று. சுங்குடியின் பிற்கால வரலாற்றை இதுவே தீர்மானித்தது எனலாம். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். அடுத்த சில ஆண்டுகளில் அது உலகச் சந்தைக்கு வந்தது. சாயவேரிலிருந்து சிவப்பெடுத்த நெடுநாள் அறிவு அதனால் ஒதுங்கியது; ஆனால் சாயக்காரர் ஒதுங்கவில்லை. பொருளை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். அவருக்குப் பட்டறையும் முதலும் இருந்தன. பின்னர் மெழுகு அச்சு வந்தது. உருகிய மெழுகில் தோய்த்த அச்சால் புள்ளி குத்தி, சாயத்தில் தோய்த்து, வெந்நீரில் மெழுகை நீக்கினால் ஏறத்தாழ அதே தோற்றம். பல நாள் வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது. இம்முறை நெசவாளரையோ சாயக்காரரையோ வெளியேற்றவில்லை. முடிச்சிட்ட பெண்ணை மட்டும் வெளியேற்றியது. அவளுக்குப் பட்டறை இல்லை; விரல்கள் மட்டுமே இருந்தன. வீட்டு வேலைக்கு இடையே செய்ததால் அவளது உழைப்பு ஓய்வுநேர வேலையாகவே எண்ணப்பட்டது. கூலியும் அவ்வாறே அமைந்தது.

அச்சுத் தொழிலாளரைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்களும் கைத்திறனால் பிழைப்பவர்களே. எளியோர் வாங்கத்தக்க விலையில் சேலை கிடைப்பதும் அவர்களால்தான். சிக்கல் பெயரில் இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைத்தெருவின் பேச்சில் புள்ளியிட்ட பருத்திச் சேலை எல்லாமே சுங்குடிதான். முடிச்சிடத் தெரிந்த பெண்களோ அருகிவிட்டனர்.

இதற்கு மாற்றான பார்வை சின்னாளப்பட்டிக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம், கதரைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. கதருக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரையறை துணியின் தோற்றத்தைப் பேசவில்லை. கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தது என்று செய்முறையைப் பேசுகிறது. நூற்ற கை விடுபட்டால் அது கதர் ஆகாது. பருத்திப் பெண்டிருக்கு நெடுங்காலம் கழித்துக் கிடைத்த ஏற்பு அது.

முடிச்சிடும் கைக்கும் அத்தகைய ஏற்பு வேண்டும். கடைக்காரர் முடிச்சுச் சுங்குடி, அச்சுச் சுங்குடி என்று பிரித்துச் சொன்னாலே பாதி வழி கடந்ததாகும். மீதிப் பாதி, முடிச்சுக்குத் தக்க கூலி. வாங்குவோரும் அறிந்துகொள்ளலாம். முடிச்சின் புள்ளி சீரான வட்டமாக இராது. ஒன்றுபோல் மற்றொன்று இராது. கிள்ளிய இடத்தில் துணி சற்றே குவிந்து நிற்கும். அந்தச் சீரின்மைதான் அங்கே ஒரு பெண்ணின் விரல் பட்டது என்பதற்குச் சான்று. வேறு கையொப்பம் அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை.