முன் ஆக்சில் மறுபயன்பாடு: நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

முன் ஆக்சில் மறுபயன்பாடு என்பது, ஓய்ந்துபோன பழைய வாகனத்தின் முன்பக்க ஆக்சிலைக் கழற்றி, அது எதனுடையது என்று இனங்கண்டு, சோதித்து, புதிதாகக் கட்டும் வேறொரு வண்டியில் பூட்டும் பட்டறைப் பணி. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் ஓடிய ஜீப், லேண்ட் ரோவர், லோரி, டிராக்டர் ஆகியவற்றின் ஆக்சில்கள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள். மேல்தகடு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் ஆக்சிலின் உடல் நிலைத்து நிற்கும். சக்கரம் திரும்பும் மூட்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பே தேய்ந்துவிடும். எனவே ஆக்சிலின் மதிப்பை முடிவு செய்வது அதன் கனமோ பழமையோ அல்ல, மூட்டுகளின் நிலையே.

பின்னணி

ஃபோர்டு நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் மலாயாக் கிளையைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்த ஜீப்புகளும் லோரிகளும் மலாயாவில் பொதுப் புழக்கத்துக்கு வந்தன. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் தோட்டத் துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். அந்தக் கூடுதல் பாரத்தையும் செம்மண் பாதையின் பள்ளங்களையும் முன் ஸ்பிரிங்கும் ஆக்சிலும்தான் தாங்கின.

1946 முதல் 1956 வரை கவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஈ20 டிராக்டரும், அதன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களும் உலகெங்கும் பரவின. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, ரப்பர் பால் ஏற்றிய இடத்தில், டிராக்டர் இழுக்க, செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர்கள் வந்தன. பிற்காலத்தில் நீலாய், சிரம்பான் வட்டாரத்துத் தோட்ட நிலங்கள் பல குடியிருப்புகளாயின.

வகைகள்

தோட்ட வாகனங்களில் காணப்படும் பழைய முன் ஆக்சில்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அடித்து உருவாக்கிய ஒற்றைத் தண்டு ஆக்சில். ‘ஐ’ எழுத்து வடிவில் குறுக்குவெட்டு கொண்டது. எஞ்சின் விசை இதற்கு வருவதில்லை. பழைய ஃபோர்டு கார்களிலும் லோரிகளிலும் இதுவே. ஃபோர்டு மாடல் டி வண்டியில் ஆக்சிலின் முனை கவடாகப் பிளந்திருக்கும். 1927 டிசம்பரில் அறிமுகமான மாடல் ஏ வண்டியில் ஆக்சில் முனை திரண்டிருக்க, சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டே கவடாக இருக்கும். இரண்டிலும் மூட்டைக் கோத்து நிற்பது கிங்பின்.

இரண்டாவது, விசை பெறும் முன் ஆக்சில். ஜீப், லேண்ட் ரோவர் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குரியது. நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கிய டிஃபரென்ஷியல் குடமும், இரு முனைகளிலும் உருண்டையான மூட்டுக் கூடும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது, டிராக்டரின் ஊசலாடும் ஆக்சில். நடுவில் ஒரே பின்னில் தொங்குவதால் மேடுபள்ளத்தில் இரு சக்கரமும் தரையை விடாது. ஃபெர்குசன் டிஈ20இல் இதன் அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை 4 அங்குலப் படிகளில் மாற்றலாம். அதற்காக ஸ்டியரிங் இணைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

அடையாளம் காணல்

தோட்டப் பட்டறையில் ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் ஏறுவது சாதாரணம். ஆகவே எந்த வண்டியிலிருந்து கழற்றினார்கள் என்பது மட்டும் சான்றாகாது. முதலில் துருவையும் கிரீஸையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வார்ப்பெண்ணும் முத்திரை எண்ணும் தெரியச் செய்ய வேண்டும். பிறகு அளவெடுப்பு.

ஹப்பில் சக்கரத்தைப் பூட்டும் ஸ்டட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டமே முதல் அளவு. ஐந்து ஸ்டட்டில் எதிரும் புதிரும் நேராக அமையாததால், அடுத்தடுத்த இரு ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்க வேண்டும். 97 மி.மீ. கிடைத்தால் வட்டம் 165.1 மி.மீ., அதாவது ஆறரை அங்குலம், லேண்ட் ரோவருக்குரியது. 82 மி.மீ. கிடைத்தால் ஐந்தரை அங்குலம். இது வில்லிஸ் ஜீப்புக்கும் பொருந்தும், மாடல் ஏ ஃபோர்டுக்கும் பொருந்தும். எனவே இந்த ஒரு அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது பல்விகிதம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை 20 சுற்று சுற்றி, டிஃபரென்ஷியலுக்கு விசை கொண்டுவரும் சிறு பற்சக்கரமான பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். 47 வந்தால் லேண்ட் ரோவரின் 4.7, 49க்குச் சற்றுக் குறைந்தால் ஜீப்பின் 4.88. மிகத் தொடக்க கால லேண்ட் ரோவர்களிலும் 4.88 இருந்தது. அப்போது ஸ்டட் வட்டம்தான் இரண்டையும் பிரித்துக்காட்டும்.

மரையும் சாட்சி சொல்லும். பிரிட்டிஷ் வண்டியின் பழைய நட்டுகளில் அமெரிக்க அங்குல ஸ்பேனரும் மெட்ரிக் ஸ்பேனரும் சரியாக உட்காராது. சக்கர மையங்களின் இடைவெளி, ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளின் இடைவெளி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வரிசை லேண்ட் ரோவரின் சக்கர இடைவெளி 50 அங்குலம். 1958க்குப் பிந்தைய இரண்டாம் வரிசையில் அது 51.5 அங்குலம்.

சோதனை

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின், பேரிங் ஆட்டம் தெரியும். உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொள்ள ஆட்டம் மறைந்தால் குறை ஹப் பேரிங்கில். மறையாவிட்டால் கிங்பின்னில் அல்லது அதன் புஷ்ஷில்.

லேண்ட் ரோவரின் குரோமிய உருண்டையில் துருப்புள்ளி விழுந்திருந்தால் அதன் விளிம்பு புதிய ஆயில் சீலையும் கிழித்துவிடும். ஆயில் வெளியே, சேற்றுநீர் உள்ளே என்றாகிப் பேரிங் கெடும். செம்பனைக்கு இடப்படும் பொட்டாசியம் குளோரைடு உரம் சிந்திய வண்டியென்றால் துருவை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். குளோரைடு இரும்பை விரைவாக அரிக்கும்.

விரிசலுக்குச் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மருந்து தெளித்துப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு மேலே கசியும். தண்டின் வளைவை நூல் பிடித்து அறியலாம். அடித்து உருவாக்கிய தண்டையும் ஸ்டியரிங் கையையும் சூடேற்றி நிமிர்த்துவதும் வெல்டிங் செய்வதும் கூடாது. அந்த இடத்தில் எஃகின் வலிமை மாறிவிடும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மறுபயன்பாடு

அதே வகை வண்டியின் புதுப்பிப்பில் பூட்டுவதே சிறந்தது. வேறு வண்டியில் பூட்டினால் கோணங்களை மீண்டும் அமைக்க வேண்டும். இலை ஸ்பிரிங் லேண்ட் ரோவரின் அளவுகள்: காஸ்டர் (மூட்டுப் பின்னின் பின்னோக்கிய சாய்வு) 3 பாகை, கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) ஒன்றரைப் பாகை, மூட்டுப் பின்னின் உட்பக்கச் சாய்வு 7 பாகை. காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அதை ஸ்பிரிங் தட்டின் கீழ் ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஜீப்பின் ஆக்சிலை வலப்பக்க வண்டிக்கு மாற்றும்போது ஸ்டியரிங் கையின் இடமும் மாற வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் விகிதங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். 4.7உடன் 4.88 சேர்ந்தால் கெட்டித் தரையில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

சாலைக்குத் தகுதியற்றதானாலும் விரிசலற்ற ஆக்சிலுக்கு, தோட்டத்துக்குள் மெதுவாக இழுக்கப்படும் நான்கு சக்கர டிரெய்லரில் வேலை உண்டு. அங்கே திருகுமூட்டுகளை இணைப்புக் கம்பி வழியே இழுகம்பியோடு சேர்த்தால் டிராக்டர் திரும்பும் பக்கம் சக்கரமும் திரும்பும். இணைக்காமல் விட்டால் சக்கரங்கள் தறிகெட்டுத் திரும்பும். மூட்டு தேய்ந்து புஷ் கிடைக்காத ஆக்சிலுக்குப் பழைய இரும்புக் கடையே இடம்.

சட்டம்

பொதுச் சாலையில் ஓடும் வாகனங்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டுமானம் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். ஆக்சிலை மாற்றிக் கட்டும் வண்டிக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் பெற வேண்டும். தோட்ட எல்லைக்குள் மட்டும் ஓடினாலும், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளரின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு. ஆகவே ஆக்சிலின் எண், அளவுகள், சோதனை முடிவு, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றைப் பட்டறைப் பதிவேட்டில் எழுதிவைப்பது நல்லது. அடுத்த முறை அதைக் கழற்றுபவர் அடையாளம் காணும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.