சூடெக் நோய்

எலும்பு முறிந்து கூடிய பிறகும் கையிலோ காலிலோ தங்கிவிடும் கடும் வலிநோய். இன்றைய மருத்துவத்தில் சி.ஆர்.பி.எஸ். (சிக்கலான வட்டார வலி நோய்க்குறி) முதல் வகை எனப்படுகிறது. மணிக்கட்டு முறிவுக்குப் பின் அதிகம் காணப்படும். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்கும். மாவுக்கட்டைப் பிரித்ததும் கை சிவந்து, வீங்கி, மறு கையைவிடச் சூடாக இருக்கும். சட்டைத் துணி உரசினாலே சுரீரென்று வலிக்கும். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டும். வலியோ முறிந்த இடத்தைத் தாண்டி விரல் நுனிவரை போயிருக்கும்.

இதன் நெருங்கிய உறவான நரம்புக்காய வலியை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் பதிவு செய்தார். குண்டடிபட்ட வீரர்கள் எரிச்சல் தாளாமல் ஈரத்துணியைக் கையில் சுற்றியபடியே இருந்தார்கள். ஆனால், பெரிய நரம்பு எதுவும் அறுபடாமலே இப்படி வலிப்பது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஹாம்பர்க் அறுவை மருத்துவர் பால் சூடெக் 1900இல் விடையின் அருகே வந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயாளிகளின் எலும்பு திட்டுத்திட்டாகக் கரைந்திருப்பதைப் படத்தில் கண்ட அவர், அதைக் கடும் அழற்சி சார்ந்த எலும்புத் தேய்வு என்றார். சரியான கணிப்பு, ஆனால் நிலைக்கவில்லை. சீழும் காய்ச்சலும் இல்லாத அழற்சியை நம்ப ஆளில்லை. பிரான்சின் அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், ரத்தக் குழாய்களையும் வியர்வையையும் தானாக இயக்கும் பரிவு நரம்புகளின் மேல் பழியைப் போட்டார். 1946இல் மருத்துவர் ஜேம்ஸ் எவன்ஸ் இந்நோய்க்குச் சூட்டிய பெயரும் அந்த நரம்புகளையே சுட்டியது. பல பத்தாண்டுகள் அந்த நரம்புகளை ஊசி போட்டு மரக்கச் செய்வதே சிகிச்சையாக இருந்தது. 1994இல் இப்போதைய பெயர் வந்தபோதுதான் காரணத்தைப் பெயரிலேயே தீர்மானித்துவிடும் பழக்கம் ஒழிந்தது.

சூடெக்கின் கருத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 829 நோயாளிகளை ஆராய்ந்து யான் கோரிஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட கட்டுரை, தொடக்கநிலை அறிகுறிகள் அழற்சியையே ஒத்திருப்பதாகக் காட்டியது. 2002இல் ரோட்டர்டாம் ஆய்வாளர்கள் நோயாளியின் இரு கைகளிலும் உறிஞ்சு கருவியால் சிறு கொப்புளங்களை எழுப்பி, நீரை எடுத்து ஒப்பிட்டார்கள். நோயுற்ற பக்கத்தில் இன்டர்லியூக்கின் 6, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகிய அழற்சிப் புரதங்கள் கூடுதலாக இருந்தன. ரத்தத்தில் மட்டும் தேடியவர்களின் கண்ணுக்கு இவை எளிதில் படாததில் வியப்பில்லை.

நடப்பது இதுதான். முறிந்த இடத்துக்கு விரையும் வெள்ளணுக்கள் இப்புரதங்களைச் சுரக்கின்றன. அவை வலி நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. கிளர்ந்த முனைகள் சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருள்களைத் திசுவில் கொட்ட, ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. வீக்கமும் சூடும் அதனால்தான். தண்டுவடத்தின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியாக்களும் தூண்டப்பட்டால் சாதாரணத் தொடுகையே வலியாகிறது. எலியின் காலெலும்பை முறித்து நான்கு வாரம் கட்டுப்போட்ட ஸ்டான்ஃபோர்டு சோதனைகளில் இதே அறிகுறிகள் தோன்றின. சப்ஸ்டன்ஸ் பியைத் தடுத்தபோது குறைந்தன. நாட்பட்ட நோயாளிகளின் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை) செலுத்தியபோது காயம்பட்ட சுண்டெலிகளுக்கு வலி கூடியதை 2019 ஆய்வொன்று காட்டியது.

சிகிச்சை இந்த அறிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தொடக்கத்தில் தரும் ஸ்டீராய்டு சிலருக்கு உதவுகிறது. மாதங்கள் கடந்து கை குளிர்ந்துபோன பின் பலன் குறைவு. 1999இல் நம்பிக்கை ஊட்டிய வைட்டமின் சி பற்றிய பிந்தைய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. புடாபெஸ்ட் அளவுகோல்கள் எனப்படும் அறிகுறிப் பட்டியலின்படி மருத்துவர் கையைப் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். கட்டுப் பிரித்த பின்னும் வலியும் வீக்கமும் ஏறிக்கொண்டே போனால் உடனே மருத்துவரிடம் காட்டுக.