பாலமா, கப்பலா? தனுஷ்கோடி – தலைமன்னார் கடல்வழி (1914–1984)

முன்னுரை

நீர்ப்பரப்பைக் கடக்கப் பாலம் அமைப்பதா, கப்பல் போக்குவரத்தே போதுமா என்னும் வினா பெரும்பாலும் செலவு, பொறியியல் ஆகியவற்றின் அடிப்படையிலேயே ஆராயப்படுகிறது. பயணம் செய்தோர் நிலையிலிருந்து நோக்கினால், அவ்வழி யாருடைய முடிவால் திறந்திருக்கிறது என்பதே முதன்மை பெறுகிறது. தனுஷ்கோடி – தலைமன்னார் வழியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

பாலமும் கப்பலும்

1914 பிப்ரவரியில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் தொடர்வண்டியில் தனுஷ்கோடியை அடைந்த பயணிகள், சுமார் 35 கி.மீ. கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் இலங்கைத் தொடர்வண்டியில் ஏறினர். 'போட் மெயில்' என வழங்கப்பட்ட இப்பயணத்தில் பாலமும் கப்பலும் ஒன்றற்கொன்று மாற்றாக அமையவில்லை. ஒரே வழியின் இரு கண்ணிகளாக இயங்கின. மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பலரும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு இவ்வழியே சென்றனர்.

1964: இரு நிகழ்வுகள்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இரு மாதங்களுக்குள், டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. சேதமுற்ற பாம்பன் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடித் துறையோ மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து இயங்கலாயிற்று. தாயகம் திரும்பியோர் பலர் அக்கப்பலிலேயே வந்தனர்.

இலங்கையில் இனப்போர் மூண்ட பின்னர், 1984இல் அச்சேவையும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றிருந்தும் புறப்பட இயலாதோர் மலையகத்திலேயே தங்கினர். அவர்கள் இலங்கைக் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. புயலால் நிற்காத சேவை அரசியல் சூழலால் நின்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

கடல்மேல் பாலம் இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திராது எனக் கூற இயலாது. போர்க்காலத்தில் பாலமும் மூடப்படக்கூடியதே. எனினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. போர் ஓய்ந்தபின் பாலத்தைத் திறந்துவிட்டால் போதும். கப்பல் சேவைக்கோ கலம், துறை, இருநாட்டு இசைவு ஆகிய அனைத்தும் மீண்டும் கூடிவர வேண்டும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. அதே ஆண்டு, தரைவழி இணைப்புக்கான சாத்தியக்கூறுகளை ஆராயவும் இருநாடுகளும் இசைந்தன. அவ்வாய்வில் கட்டுமானச் செலவுடன், வழி அடைபட்டமையால் குடியுரிமையின்றி நின்றோரின் வரலாறும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.