றொஸ் துவக்கு: கையொப்பம் வைத்தவர்களும் சுமந்தவர்களும்

சண்டை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு படையினன் தனக்குத் தந்த துவக்கை எறிந்துவிட்டான் எண்டால் அது சின்னக் குற்றம் இல்லை. ஆனால் 1915 ஏப்ரல் கடைசியில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் இருந்து மீண்ட கனேடியர்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு விசயம் தெரிந்தது. உயிரோடு திரும்பிய ஏறத்தாழ 5,000 பேரில் 1,452 பேரிடம் கனடா கொடுத்த துவக்கு இல்லை. அதை எறிந்துவிட்டு, செத்தும் காயப்பட்டும் கிடந்த பிரித்தானியப் படையினரின் துவக்கை எடுத்திருந்தார்கள்.

அவர்கள் எறிந்தது றொஸ் றைபிள். துவக்கு வாங்கிப் பிறகு வருந்தியவர்களின் கதைகள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை தனிமனிதர் கதைகள். ஒரு நாடே சொந்தமாகத் தொழிற்சாலை போட வைத்து, லட்சக்கணக்கில் வாங்கி, பிறகு வருந்திய கதை இது. ஆனால் வருந்தியது யார் எண்டு கேட்டுப் பார்த்தால்தான் கதையின் மற்றப் பக்கம் தெரியும்.

முதலில், கனடா ஏன் இதை வாங்கியது? மடத்தனம் எண்டு ஒரே வார்த்தையில் முடிக்க ஏலாது. 1899இல் தென்னாபிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. (அந்தப் போரில் பிடிபட்ட போயர்களில் ஆயிரக்கணக்கானவர்களை எங்கட தியத்தலாவைக்குக் கொண்டுவந்துதான் முகாமில் அடைத்தார்கள்.) பிரித்தானியப் பேரரசின் பகுதியாகக் கனடாவும் ஆட்களை அனுப்பியது. ஆட்களுக்குக் கொடுக்க லீ என்பீல்ட் துவக்குகள் வேண்டும் எண்டு கேட்டபோது, பிரித்தானியாவால் கேட்ட அளவுக்குத் தர முடியவில்லை. தன் படைக்கே போதாமல் இருந்தது. கனடாவில் ஒரு தொழிற்சாலை போடுங்கள் எண்டு பிரித்தானியத் துவக்கு உற்பத்தியாளர்களைக் கேட்டும் சரிவரவில்லை. நாளைக்கு ஒரு பெரிய போர் வந்தால் துவக்குக்காக லண்டனின் வாசலில் நிற்க வேண்டுமா? பிரதமர் வில்பிரிட் லோரியேயின் அரசாங்கத்துக்கு இருந்த இந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

அந்த நேரம் பார்த்து வந்தவர் சேர் சார்ள்ஸ் றொஸ். ஸ்கொட்லாந்தின் பெரிய நிலச்சுவாந்தர், மான் வேட்டைக்காரர், போயர் போருக்கும் போய்வந்தவர். தானே ஒரு துவக்கை வடிவமைத்திருந்தார். கனடாவில் தன் செலவில் தொழிற்சாலை கட்டுகிறேன், நீங்கள் துவக்கை மட்டும் வாங்குங்கள் எண்டார். தேடிக்கொண்டிருந்த எல்லாம் ஒரே மனிதரிடம் இருந்து வந்தது.

1901இல் கியூபெக்கில் ஒரு குழு றொஸ் துவக்கையும் லீ என்பீல்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. தொடர்ந்து அதிக நேரம் சுட்டுப் பார்த்த சோதனையில் றொஸ் பின்தங்கியது. ஆனாலும் குழு அதைப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் இருந்த ஒருவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சாம் ஹியூஸ். நாடாளுமன்ற உறுப்பினர், குறி பார்த்துச் சுடுவதில் பைத்தியம் பிடித்தவர். பேரரசு முழுக்க ஒரே துவக்கு இருந்தால்தான் நல்லது எண்டு பிரித்தானியா சொல்லிப் பார்த்தது. கனடா கேட்கவில்லை. 1903இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டளை 12,000 துவக்குகளுக்கு. கியூபெக் நகரில், பெயரளவுக் குத்தகைக்குக் கொடுத்த அரச நிலத்தில் தொழிற்சாலை எழும்பியது.

இந்தத் துவக்கில் என்ன விசேசம்? லீ என்பீல்டில் ஒருமுறை சுட்ட பிறகு, போல்ட்டின் பிடியை மேலே திருப்பி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, திரும்பக் கீழே மடக்க வேண்டும். றொஸ்ஸில் நேரே இழுத்து நேரே தள்ளினால் போதும், உள்ளே இருக்கிற திருகு தானாகச் சுழன்று பூட்டும். இரண்டு அசைவு மிச்சம். காகிதத்தில் பார்த்தால் இது வேகம்.

முதலில் அதைக் கையில் வாங்கியவர்கள் படையினர் இல்லை, வடமேற்குக் குதிரைப் பொலிஸார். 1905இல் அவர்களுக்கு 1,000 துவக்குகள் கிடைத்தன. பரிசோதித்தவர்கள் குறைகளாக எடுத்து அடுக்கினார்கள். பயிற்சியில் ஒரு பொலிஸ்காரர் சுடும்போது போல்ட் பின்னால் பாய்ந்து அவருடைய ஒரு கண் போனது. பொலிஸார் றொஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்கள் பழைய துவக்குகளுக்கே போய்விட்டார்கள். அதாவது உலகப் போர் தொடங்குவதற்கு எட்டு வருசத்துக்கு முன்னமே முதல் சொந்தக்காரர்கள் வருந்திவிட்டார்கள். அந்த வருத்தத்தைக் கேட்க ஒட்டாவாவில் ஆள் இருக்கவில்லை.

ஏன் எண்டால் இன்னொரு பக்கத்தில் றொஸ் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது. திருத்தித் திருத்தி 1910இல் மூன்றாம் வடிவத்துக்கு வந்தார்கள். நீண்ட குழல், நல்ல குறிக்கண்ணாடி, இறுக்கமான ரவை அறை. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடக்கிற அரசர் பரிசுப் போட்டியை 1911இலும் 1913இலும் கனேடியர்கள் வென்றார்கள். றொஸ் உலகத்தின் மிகத் துல்லியமான துவக்குகளில் ஒன்று எண்ட பெயர் வந்தது. அது பொய்ப் பெயரும் இல்லை. ஆனால் பிஸ்லியில் சேறு இல்லை. தேர்ந்தெடுத்த ரவைகளை ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் படுத்துக் கிடந்து சுடுகிற இடம் அது. துவக்குக்கு வைத்த பரீட்சையும் துவக்குக்குக் கிடைக்கப்போகிற வேலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் இருந்தன.

1911இல் ஆட்சி மாறியது. ரொபேட் போர்டன் பிரதமர் ஆனார், சாம் ஹியூஸ் படைத்துறை அமைச்சர் ஆனார். அதுக்குப் பிறகு றொஸ் ஒரு துவக்கு மட்டும் இல்லை, கனடாவின் மானம். 1914 ஒக்டோபரில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பல் ஏறியபோது பெரும்பாலும் அதைத்தான் சுமந்து போனார்கள்.

1915 ஏப்ரல் 22 பின்னேரம், ஈப்ருக்குப் பக்கத்தில் ஜேர்மனியர்கள் குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படையின் வரிசை உடைந்தது. அந்த இடைவெளியைக் கனேடியர்கள் பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. சில நாட்களுக்குள் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6,000 பேர். அந்த நாட்களில்தான் துவக்கு இறுகியது. வேகமாகச் சுடச் சுடக் குழல் சூடேறியது. வெற்றுக்கோது அறைக்குள் ஒட்டிக்கொண்டது. போல்ட்டை இழுத்தால் வரவில்லை. துவக்கின் அடியை நிலத்தில் ஊன்றி, சப்பாத்துக் காலால் போல்ட்டை உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். எதிரி முன்னால் வருகிறான், மூக்கில் வாயு, கையில் திறபடாத துவக்கு. அந்த நிலையில் பக்கத்தில் கிடக்கிற செத்தவனின் துவக்கை எடுப்பதற்கு ஒருவனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஏன் இறுகியது எண்ட கேள்விக்கு அப்பவே இரண்டு பதில் இருந்தது. ஹியூஸின் ஆட்கள் சொன்னது: பிழை துவக்கில் இல்லை, பிரித்தானிய ரவையில். கனடாவில் செய்த ரவை அளவாக இருக்கும், பிரித்தானியாவில் அவசரத்தில் செய்ததில் சில கொஞ்சம் பருத்திருக்கும். இது உண்மைதான். ஆனால் அதே பருத்த ரவையை லீ என்பீல்ட் விழுங்கிக்கொண்டது. அதன் அறையைக் கொஞ்சம் தாராளமாகச் செய்திருந்தார்கள். இன்னொரு குறையும் இருந்தது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அதைத் தடுத்து நிறுத்துகிற சின்ன இரும்பு, போல்ட்டின் பூட்டும் புரியில் இடித்து இடித்து அதன் விளிம்பைச் சிதைத்தது. சிதைந்தால் பூட்டுவதும் திறப்பதும் கடினம். காலால் உதைக்க உதைக்க இன்னும் மோசம். இதோடு துவக்கு லீ என்பீல்டைவிட 15 சென்ரிமீற்றர் அளவு நீளம், பதுங்குகுழிக்குள் திரும்ப இடம் காணாது. அதில் பத்து ரவை, இதில் ஐந்து. சுடும்போது முனையில் மாட்டிய கத்தி கழன்று விழுந்தது. போல்ட்டைக் கழற்றிப் பிழையாகப் பூட்டிவிட்டால், பூட்டாமலேயே வெடித்து முகத்துக்குப் பாயும் ஆபத்தும் இருந்தது.

1915 ஜூனில் முதலாம் பிரிவுக்கு லீ என்பீல்ட் கொடுத்தார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டாம் பிரிவு அதே வருச செப்டெம்பரில் பிரான்சுக்கு வந்தது. கையில் திரும்பவும் றொஸ், அறையைக் கொஞ்சம் பெருப்பித்த றொஸ். 1916 ஏப்ரலில் சென் எலோய்க் குழிகளின் சேற்றில் அதோடுதான் அவர்கள் மல்லுக்கட்டினார்கள்.

கனேடியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் அல்டர்சன் பிரித்தானியர். அவர் 1916 தொடக்கத்தில் துவக்கின் குறைகளைப் பட்டியலிட்டு ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுதினார். ஹியூஸ் பதில் எழுதினார். குறைகளுக்கு இல்லை, எழுதியவருக்கு. துவக்கைப் பற்றி உமக்கு ஒன்றும் தெரியாது எண்ட தோரணையில் இருந்த அந்தப் பதிலின் பிரதிகளை அல்டர்சனுக்குக் கீழே இருந்த அதிகாரிகளுக்கும் அனுப்பி வைத்தார். ஒரு சில பேருக்கு இல்லை, இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு. மே மாதத்தில் அல்டர்சன் அந்தப் பதவியில் இல்லை. துவக்கு இருந்தது.

கடைசியில் பிரித்தானியத் தளபதி ஹெய்க் தலையிட்டார். 1916 செப்டெம்பர் அளவில் பிரான்சில் இருந்த கனேடியப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் லீ என்பீல்ட் கிடைத்தது. நவம்பரில் ஹியூஸைப் போர்டன் பதவி விலக வைத்தார், அதுக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1917 மார்ச்சில் அரசாங்கம் தொழிற்சாலையைச் சுவீகரித்தது. 1920இல் சேர் சார்ள்ஸுக்கு நட்டஈடாக 20 லட்சம் டொலர் கொடுத்தது. மொத்தத்தில் நாலு லட்சத்துக்கு மேல் றொஸ் துவக்குகள் செய்யப்பட்டிருந்தன.

ஒரு விசயத்தை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. எல்லாரும் றொஸ்ஸை எறியவில்லை. மறைந்திருந்து சுடுகிறவர்கள் போர் முடியும்வரை அதை விரும்பி வைத்திருந்தார்கள். கனடாவின் முதற்குடி மக்களில் ஒருவரான பிரான்சிஸ் பெகமகபோ அந்தத் துவக்கோடுதான் பெயர் எடுத்தார். அவர்களுக்குத் துவக்கைத் துப்புரவாக வைத்திருக்க நேரம் இருந்தது, நல்ல ரவையைத் தெரிந்தெடுக்க முடிந்தது, நிமிசத்துக்குப் பதினைந்து தரம் சுட வேண்டியதில்லை. அதனால் றொஸ் கூடாத துவக்கு எண்டு சொல்வதும் முழுதாகச் சரி இல்லை. யாருடைய கைக்கு எண்டு கேட்காமல் வாங்கிய துவக்கு எண்டு சொல்லலாம்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஹியூஸின் பிடிவாதம் இல்லை. பிடிவாதக்கார அமைச்சர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சொந்தக் காலில் நிற்க வேண்டும் எண்ட நல்ல ஆசையில் தொடங்கிய ஒன்று, குறை சொன்னவனைத் தேசத்துக்கு எதிரானவனாகப் பார்க்கிற இடத்துக்கு எவ்வளவு லேசாக வந்து சேர்ந்தது எண்டதுதான் உறுத்துகிறது. 1901இல் சோதனை சொன்னது. 1906இல் பொலிஸார் சொன்னார்கள். 1916இல் ஜெனரல் சொன்னார். ஒவ்வொரு முறையும் பிழை வேறு எங்கேயோ இருந்தது: ரவையில், சேற்றில், சொன்னவரில்.

கீழ்மட்டப் படையினனுக்கு ஜெனரல் மாதிரிக் கடிதம் எழுத வழி இல்லை. குழுவிலும் இடம் இல்லை, நாடாளுமன்றத்திலும் குரல் இல்லை. துவக்கைக் கீழே போட மட்டும்தான் முடியும். 1,452 பேர் அதைச் செய்தார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எண்ணி எழுதியும் வைத்தார். அந்த எண்ணை ஒட்டாவா ஒழுங்காக வாசிக்க இன்னும் பதினாறு மாதம் எடுத்தது.