ஆயாவுக்கு மட்டும் விதிவிலக்கு

கறுப்பர்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி ஒதுக்குவது சட்டப்படி சரிதான் என்று 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளெஸ்ஸி வழக்கு என்பார்கள். அதில் தோற்ற வக்கீல் ஆல்பியன் டூர்ஜேவைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டூர்ஜே 1838-ல் ஒஹையோவில் பிறந்த வெள்ளைக்காரர். சின்ன வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அதோடு உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, 1861-ல் புல் ரன் சண்டையில் முதுகில் பலத்த அடி. போர் முடிந்ததும் மனுஷர் தோற்றுப்போன தெற்கிலேயே, வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் போய்க் குடியேறினார்! 1868-ல் அந்த மாநிலத்தின் புது அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் உறுப்பினர். அதே வருஷம் நீதிபதியும் ஆனார். கூ க்ளக்ஸ் கிளான் கொலை மிரட்டல் விட்டும் 1874 வரை பதவியை விடவில்லை.

லூசியானா 1890-ல் தனிப் பெட்டிச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்க்க நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஒரு குழு அமைத்து டூர்ஜேவைக் கூப்பிட்டார்கள். பைசா வாங்காமல் வாதாட ஒத்துக்கொண்டார். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானது, வழக்குப் போடுவதற்காகவே திட்டமிட்டுச் செய்த காரியம்.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பின ஆயா, குழந்தையோடு வெள்ளையர் பெட்டியில் போகலாம். டூர்ஜே இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஆயாவாக வந்தால் அதே நிறம் யாரையும் உறுத்தவில்லை, டிக்கெட் வாங்கிச் சமமாக உட்கார்ந்தால்தான் உறுத்துகிறது. அப்படியானால் இந்தச் சட்டம் காப்பாற்றுவது பயணிகளின் சௌகரியத்தையா, எஜமான் ஸ்தானத்தையா என்பதுதான் அவர் வாதம். ஒரு சட்டம் யாருக்காக என்று தெரியணும்னா அதன் விதிவிலக்கைப் படிச்சா போதும்னு எனக்குத் தோன்றியது.

தீர்ப்பு 7-க்கு 1. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி ஜான் ஹார்லன், ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். அரசியலமைப்பு நிறம் பார்க்காது என்று அவர் எழுதியதைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். சட்டம் நிறம் பார்க்கக் கூடாது என்று டூர்ஜே தன் மனுவிலேயே எழுதியிருந்தார். அது பலருக்குத் தெரியாது.

அடுத்த வருஷமே பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். டூர்ஜே பிரான்சின் போர்டோவுக்கு அமெரிக்க கான்சலாகப் போய், 1905-ல் அங்கேயே இறந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1954 ஆக வேண்டியிருந்தது.